மூங்கிலுக்கு எழுதிய சாதகம்

"உங்கட பிள்ளை மூங்கிலுக்குச் சாதகம் எழுதப்போகுதாம் அத்தான். எந்த நட்சத்திரத்தில முளைச்சதெண்டும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கோ."

மாமா இதைச் சொன்னபோது நான் கையில் பிரஷுடன் கால்வாய்க் கரையில் நின்றேன். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவோடு சேர்ந்து வேலை செய்தவர். அவர் சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்தார். என் அண்ணன் அதைவிடச் சத்தமாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்புச் சித்தியடைந்து ஒரு மாதம்கூட ஆகாத காலம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். எனக்குத் தெரியாத ஒன்றை மாமா சொல்லிவிட முடியும் என்று அந்த வயதில் நான் நம்பவில்லை.

அப்பாவின் தொழில் சாரக்கட்டு. கட்டடம் எழும்பும்போது மேசன்மார் ஏறி நின்று கல் வைக்கவும் சாந்து பூசவும் மூங்கிலை நட்டு, குறுக்கு மூங்கில் போட்டு, தேங்காய்த் தும்புக் கயிற்றால் வரிந்து, மேலே பலகை பரப்பிக் கொடுப்பார். ஆணி கிடையாது. எல்லாம் முடிச்சுத்தான். அப்பாவின் முடிச்சு என்றால் மேசன்மார் கீழே பார்க்காமல் ஏறுவார்கள். அண்ணன் எட்டு வயதிலிருந்து அவரோடு கயிறு பிடித்தான். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று வந்தபோது, "அவள் போகட்டும், எனக்கு ஒரு இடத்தில இருக்கேலாது" என்று அவனே சொன்னதாக அம்மா சொல்வாள்.

மூங்கில் எங்களுக்கு ஹெவ்லொக் டவுன் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்காணியிலிருந்து வந்தது. காணி சரிந்து சரிந்து வெள்ளவத்தைக் கால்வாயில் போய் முடியும். கரை நெடுகவும் மூங்கில் புதர்கள். பார்ப்பதற்கு ஆளில்லாமல் கிடந்த அதைப் பராமரித்து வெட்டிக்கொள்ள வீட்டுக்காரர் அப்பாவுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

மூங்கில் மற்ற மரங்களைப் போல வருஷா வருஷம் பருப்பதில்லை. எந்தப் பருமனில் மண்ணைவிட்டுத் தலைநீட்டுகிறதோ அதுதான் கடைசிவரை அதன் பருமன். வைகாசி மழைக்கு முளைத்தால் மார்கழிக்குள் முழு உயரத்துக்குப் போய்விடும். அதன் பிறகு ஏறுவது வயது மட்டும்தான். ஆனால் சாரக்கட்டுக்கு வயதுதான் முக்கியம். மூன்று வருஷம் நின்ற மூங்கில் காய்ந்தாலும் உருவம் மாறாது. இளசை வெட்டி நட்டால் அன்றைக்கு உறுதியாகத்தான் நிற்கும். வெயிலில் காயக் காய மெலியும். மூங்கில் மெலிந்தால் அதைச் சுற்றிய கட்டுத் தளரும். எங்கள் வீட்டில் சோறு எப்படி வேகிறது என்று தெரிவதற்கு முன்பே எனக்கு இது தெரியும்.

அதனால் அப்பா கோடு கீறுவார். தை பிறந்ததும் கத்தி நுனியால், தோள் உயரத்தில் ஒரு கணுவுக்குக் கீழே, தோலில் மட்டும் படும்படி ஒரு கோடு. ஒரு வாரத்தில் அது பழுப்பாகிவிடும்; பிறகு மூங்கில் இருக்கும்வரை அழியாது. அடுத்த தையில் அதன் கீழே இன்னொரு கோடு. மூன்று கோடு விழுந்து, நாலாவது கோடு கீற வரும் தையில் அதை வெட்டலாம்.

எனக்கு இந்த முறை மடத்தனமாகத் தோன்றியது. ஒவ்வொரு வருஷமும் எல்லா மூங்கிலுக்கும் கோடு கீற வேண்டும். புதரின் நடுவில் நிற்பவற்றை எட்ட முடியாது. கை, கழுத்தெல்லாம் சுணை குத்தும். தவறிப்போனவை ஒரு கோடு குறைவாகவே நிற்கும். நான் சொன்ன வழியில் ஒரு மூங்கிலுக்கு ஒரேயொரு தடவை வேலை. இந்தத் தையில் புதிதாக நிற்பவை எல்லாவற்றுக்கும் வெள்ளை வளையம். அடுத்த தையில் புதியவற்றுக்குச் சிவப்பு. அதற்கடுத்தது நீலம். நாலாவது தையில் வெள்ளையை வெட்டிவிட்டு, புதியவற்றுக்கு மறுபடி வெள்ளை. தூரத்தில் நின்று பார்த்தாலே தெரியும். யாரை அனுப்பியும் வெட்டலாம்.

"கெட்டித்தனம்தான்" என்றார் அப்பா. மாமாவின் சாதகப் பகிடி அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்பாவின் முறையில் ஒன்றிருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. அதில் பிழை விட்டால் ஒரு மூங்கில் இருக்கிற வயதைவிட இளசாகத் தெரியும். ஒரு வருஷம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். என் முறையில் பிழை விட்டால் என்ன ஆகும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உலக யுத்த காலம் என்பதால் துறைமுகம் நிறையக் கப்பல். கப்பலுக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். வாளியின் அடியில் மிஞ்சியதைத் தருவார்கள். முதல் வருஷம் வெள்ளை, இரண்டாம் வருஷம் சிவப்பு. இளம் மூங்கிலின் மேல் திருநீறு போல ஒரு பொடி படிந்திருக்கும். அதைத் தும்பால் தேய்த்துப் போக்காமல் அடித்தால் பெயின்ற் உரிந்துவிடும். முதல் வருஷம் இது தெரியாமல் சிலவற்றை அப்படியே அடித்துவிட்டேன். இரண்டாம் வருஷம் அண்ணன் எனக்கு முன்னால் தேய்த்துக்கொண்டே போனான்.

அவன் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். "டீச்சர், முன்னுக்கு மட்டும் பூசிப்போட்டுப் போறியள். பிரஷ் பின்னுக்கு எட்டேல்ல. நெத்திக்குப் போட்டா காணுமே, பிடரிக்கும் ஒரு பொட்டு வைப்பம்" என்று வலது பெருவிரலைப் பெயின்ற்றில் தோய்த்து, கையை மூங்கிலைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் ஓர் அமுக்கு அமுக்குவான். அந்த விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. பிறகு அதே விரலை என் கன்னத்துக்குக் கொண்டுவருவான். நான் பிரஷால் அடிப்பேன்.

மூன்றாவது தைக்குள் யுத்தம் முடிந்துவிட்டது. கப்பல்கள் குறைந்தன. பெயின்ற் கேட்டுப் புறக்கோட்டையில் அண்ணன் ஏறி இறங்காத கடை இல்லை. கிடைக்கவில்லை. நான் பின்வாங்கவில்லை. சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, சோற்றுக் கஞ்சியை விட்டுக் குழைத்தேன். நல்ல நீலமாகத்தான் வந்தது.

அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். "மழைக்கு நிக்குமோ பிள்ளை?"

"நிக்கும் அப்பா. கஞ்சி விட்டிருக்கு."

"நீ சொன்னாச் சரி" என்றார்.

அந்த வைகாசியில் மழை வழக்கம்போலப் பெய்தது.

நாலாவது தையில், வெட்டுவதற்கு முந்திய ஞாயிறு, நான் மட்டும் கரைக்குப் போனேன். அண்ணனுக்கு அன்றும் வேலை. நிறம் மங்கியவற்றைத் திரும்பப் பூசுவது என் நோக்கம். யாரோ கொடுத்த கொஞ்ச வெள்ளைப் பெயின்ற் கையில் இருந்தது. புதரின் உள்ளே நீலம் அங்கங்கே தெரிந்தது. கால்வாய்ப் பக்கம், மழையும் வெயிலும் நேரே விழுகிற இடத்தில், நிறமே இல்லாமல் மூங்கில்கள் நின்றன. எண்ணினேன். பதினொன்று.

அவை நீலமாக இருக்கலாம். முதல் வருஷம் பொடியைத் தேய்க்காமல் அடித்து உரிந்துபோன வெள்ளையாகவும் இருக்கலாம். நான் சற்று நேரம் நின்று பார்த்தேன். மஞ்சள் பூத்திருந்தன. முற்றிய மூங்கில்தான் மஞ்சளாகும் என்று எனக்குத் தெரியும். வெயில் படும் பக்கம் இளசும் மஞ்சளாகும் என்பதும் தெரியும், அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் நீலம் என்று ஒப்புக்கொண்டால் என் கஞ்சி மழைக்கு நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா அதை மூன்று வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார். பின்பக்கம் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பதினொன்றுக்கும் வெள்ளை வளையம் போட்டேன்.

வெட்டும் நாளில் இரண்டு சிங்கள ஆட்களைப் பிடித்திருந்தார்கள். "சுது ஏவா விதரத?" என்று கேட்டார் ஒருவர். வெள்ளை மட்டுமா என்று. "ஓவ், சுது ஏவா" என்றேன். என் ஏற்பாடு எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வெட்டிச் சாய்த்த மூங்கில்களை அப்பா ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். அது அவருடைய பழக்கம். ஒன்றில் நின்றார். மறுபடி தட்டினார்.

"இது கொஞ்சம் பச்சைச் சத்தம் போல கிடக்கு."

"அது வெள்ளை அப்பா. நான்தானே போட்டனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த மூங்கிலைத் தூக்கி மற்றவற்றோடு வைத்தார். "எனக்குத்தான் காது மந்தமாகுதாக்கும்" என்றார்.

இப்போது எதை மறந்தாலும் அந்த வசனத்தை என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வருஷம் மூங்கிலைத் தட்டிய விரல் ஒன்று சொன்னது, எட்டு வருஷம் படித்த பிள்ளை ஒன்று சொன்னது. அவர் பிள்ளையை நம்பினார்.

அந்த மூங்கில்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக எழும்பிய ஒரு மாடி வீட்டுக்குப் போயின. சாரக்கட்டு ஆறு கிழமை நின்றது. கடற்காற்றும் மாசி வெயிலும். அந்தக் காலத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க என்னை வைத்திருந்தார்கள். அண்ணனின் டீச்சர் உண்மையாகிவிட்டது. "இனி நான் எழும்பி நிண்டுதான் கதைக்க வேணும்" என்று அவன் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து நிற்பான்.

ஒருநாள் பத்து மணி போல மாமா பள்ளிக்கூட வாசலில் நின்றார். அவர் அங்கே வந்ததேயில்லை. உள்ளே வரலாமா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "வா பிள்ளை" என்றார்.

மேல்தட்டில் பலகை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கயிற்றைப் பார்க்க வெளிப்பக்கமாக நின்றிருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இருந்தான். கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் போர்வைக்கு வெளியே கிடந்தது.

மூங்கில் முறியவில்லை. முடிச்சு வழுகியிருந்தது. அந்த முடிச்சைப் போட்டவர் அப்பா.

அவர் யாரிடமும் வாதாடவில்லை. "என்ர கட்டுத்தான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்தபின், முடிச்சு வழுகிய அந்த மூங்கிலை வெள்ளவத்தையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, எங்கள் முற்றத்துச் சுவரோடு படுக்க வைத்தார். பகல் முழுக்க அதன் பக்கத்தில் இருந்து தும்புக் கயிற்றால் கட்டுவார். இழுத்துப் பார்ப்பார். அவிழ்ப்பார். திரும்பக் கட்டுவார்.

"இப்ப இறுகுது. அண்டைக்கு ஏன் இறுகேல்ல?" என்று அம்மாவைக் கேட்பார்.

ஒரு சனிக்கிழமை, அவர் உள்ளே படுத்திருந்தபோது முற்றம் கூட்டுவதற்காக அந்த மூங்கிலைப் புரட்டினேன். சுவர்ப் பக்கமாக இருந்த இடத்தில் ஒரு நீலப் பொட்டு. கொடியில் காயும் உடுப்பிலிருந்து நீலம் சொட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். போகவில்லை. குனிந்து பார்த்தேன். விரல் ரேகை. குறுக்கே ஒரு தழும்பு.

அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் என் வெள்ளை வளையம் பளிச்சென்று இருந்தது.

மூங்கிலைப் பழையபடி புரட்டி வைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டி முடித்தேன். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. இதை எழுதும்போது பயந்தேன் என்று எழுதத்தான் கை போகிறது; ஆனால் அது பயம் மட்டுமல்ல. எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாத தாய்மாருக்கு என்னைக் காட்டித்தான் புத்தி சொன்னார்கள். அந்த இடத்தைவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் செத்து மூன்று கிழமைகூட ஆகாத நிலையில் நான் அதைத்தான் எண்ணிப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மாமா வந்தார். கொட்டாஞ்சேனையிலேயே சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கிக்குச் சாரக்கட்டு வேண்டுமாம்.

"நீங்க வாங்கோ அத்தான். உங்கட கட்டு இல்லாட்டி ஏற மாட்டம் எண்டு மேசன்மார் நிக்கினம். மூங்கில் தேடவும் தேவையில்ல. வெள்ளவத்தையில கழட்டினதும் மிச்சமும் கிடக்கு."

அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி சொன்னார். "இந்தக் கையை நம்பி இனி ஒருத்தரையும் ஏத்தேலாது தம்பி. என்ர பிள்ளையே ஏறினவன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முற்றத்துக்குப் போய் மூங்கிலைப் புரட்டினேன். கைவாளை எடுத்து, அந்தப் பொட்டுக்கு இரண்டு பக்கமும் அறுத்தேன். வாள் எனக்குப் பழக்கமில்லை, நேரம் எடுத்தது. அவர்கள் இருவரும் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. துண்டைக் கொண்டுபோய் அப்பாவின் மலர்ந்த கைகளில் வைத்தேன்.

"உங்கட முடிச்சுப் பிழையில்ல அப்பா. இது நீலம். நான் வெள்ளை எண்டு பூசினனான். மழைக்கு நிக்கேல்ல எண்டு சொல்ல வெக்கத்தில பூசினனான்."

அவர் துண்டைத் திருப்பினார். பொட்டின் மேல் தன் பெருவிரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எத்தினை?"

"பதினொண்டு."

மாமா உடனே எழுந்து வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மூங்கில் குவியலுக்குப் போய்விட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பின்பக்கம் பார்க்கும் சத்தம் கேட்டது. அப்பா எழும்பவில்லை. எனக்கல்ல, அந்தத் துண்டுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நான் தட்டிப் பாத்தனான் தானே."

அவர் தோளில் கிடந்த ஒன்றை இறக்கி வைப்பேன் என்று நான் நினைத்திருந்தேன். அதை இறக்கிவிட்டு, அதைவிடப் பாரமான ஒன்றை ஏற்றிவிட்டேன் என்று அந்த வார்த்தையில்தான் விளங்கியது.

பதினொன்றையும் அண்ணனின் விரல்தான் காட்டிக்கொடுத்தது. எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. நான் பார்க்காத பக்கத்தில் அவன் ஒன்றையும் தவறவிடவில்லை. மாமா அவற்றைச் சிறிதாக அறுத்து விறகுக்குப் போட்டார்.

அப்பா வேலைக்குப் போனார். கட்டினார். அவர் கட்டில் மேசன்மார் ஏறினார்கள். வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை. அம்மா மட்டும் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமல், "எழுத்துத் தெரியாத வீடாவே இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு நான் பள்ளிக்கூடம் போக நேரமாகிறது என்று சோற்றைக் கட்டித் தந்தாள். மாமா என்னைக் கேலி செய்வதையே விட்டுவிட்டார். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பா முன்பு எந்த மூங்கிலைத் தொட்டாலும் "இது எந்த வருஷத்துப் பிள்ளை?" என்று என்னைக் கேட்பார். அவருக்கே தெரிந்ததையும் கேட்பார். நான் சொல்வதைக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அது நின்றுபோயிற்று. தட்டிப் பார்ப்பார், தானே ஒதுக்குவார். என்னிடம் பேசுவார், சிரிக்கவும் செய்வார். வயது மட்டும் கேட்பதில்லை.

இந்தத் தை பிறந்தது. கரைக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முதல் ஞாயிறு காலையில் அண்ணனின் கத்தியை எடுத்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினேன். அம்மா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் மறிக்கவில்லை.

புதரில் சிவப்பு நின்றது. வெட்டாமல் விடுபட்ட வெள்ளை நாலைந்து நின்றது. உள்ளே கொஞ்சம் நீலம். இளசுகள் பொடியோடு நின்றன. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பார்த்தேன். வெள்ளையிலும் சிவப்பிலும் நாலு கோடு கீறினேன். நீலப் பொட்டுத் தெரிந்தவற்றில் மூன்று. பொடி படிந்தவற்றில் ஒன்று. நிறமும் இல்லாமல், பொட்டும் இல்லாமல், எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாமல் பதினாலு மூங்கில் மிஞ்சின. போன தையில் பெயின்ற் காணாமல் பூசாமல் விட்டவையும் அவற்றில் இருக்கலாம். சில நன்றாக மஞ்சள் பூத்திருந்தன. தட்டிப் பார்த்தேன். என் விரலுக்கு எதுவும் கேட்கவில்லை.

பதினாலும் இந்த வருஷம் பிறந்தவை என்று வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரேயொரு கோடு கீறிவிட்டு வந்தேன்.